புதையல் தேடின பெடியனும் எங்கட பரண் பெட்டியும்

(வெள்ளவத்தையில ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பரிசளிப்பில பேசினது. கேட்டவைக்காக எழுதிப் போடுறன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா அவர்களே, பிரதம விருந்தினர் டொக்டர் ஐயா அவர்களே, காலி வீதி ட்ராஃபிக்ல ஒண்டரை மணித்தியாலம் நிண்டு வந்தவர், அதுக்கே தனியா ஒரு பொன்னாடை போர்த்தலாம், அதிபர் அம்மா அவர்களே, மண்டப வாடகையைக் குறைச்சுத் தந்த முதலாளி ஐயா அவர்களே, பேர் சொல்ல வேண்டாமெண்டவர், அதால நான் சொல்லேல்ல, முன்வரிசையில நீலச் சேட்டோட இருக்கிறார், பிள்ளையளே, பிள்ளையளை இறக்கிவிட வந்து மாட்டுப்பட்டுப்போன அப்பாமாரே.

எனக்குத் தந்த தலைப்பு புதையல் தேடின இளம் மேதை. மூண்டு விசயம் சொல்லுவன். புதையல் எண்டா என்ன, அதைத் தேட மூளை வேணுமோ மெஷின் வேணுமோ, பெற்றோர் என்ன செய்ய வேணும். 15 நிமிசம் தந்திருக்கினம், அதில ரெண்டு போயிற்று.

கி.பி. 79ல இத்தாலியில வெசூவியஸ் எரிமலை வெடிச்சு ஹெர்குலேனியம் எண்ட ஊர் அப்பிடியே மூடுப்பட்டுது. அங்க ஒரு பெரிய வீட்டில நூற்றுக்கணக்கான பப்பைரஸ் சுருள், கோரைத் தண்டில செஞ்ச பழங்காலத் தாள், இருந்தது, 1750கள்ல தோண்டி எடுக்கேக்க எல்லாம் அடுப்புக்கரிக் கட்டை மாதிரி. விரிச்சா பொடியாப் போகும், விரிக்காட்டி வாசிக்கேலாது. எக்ஸ்ரே பிடிச்சாலும் மை தெரியாது, ஏனெண்டா மையும் கரி, தாளும் கரி. ப்ரென்ட் சீல்ஸ் எண்ட பேராசிரியர் இதோட இருபது வருசம் போல மல்லுக்கட்டினவர். கடைசியா 2023ல ஸ்கேன் எடுத்த படங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டு, வாசிக்கிறவைக்குக் காசு எண்டு போட்டி வச்சினம். கேசி ஹாண்ட்மர் எண்டவர் மை பட்ட இடத்தில காஞ்ச சேறு மாதிரி ஒரு வெடிப்பு இருக்கெண்டு கண்ணால பாத்தே பிடிச்சார், அதைப் பிடிச்சுக்கொண்டு லூக் ஃபாரிட்டர் எண்ட 21 வயசுக் கம்ப்யூட்டர் மாணவன் தன்ர ப்ரோக்ராமுக்கு அந்த வெடிப்பைப் பழக்கி, ஒரு நாள் இரவு ஃபோனைப் பாத்தா கிரேக்க எழுத்து! 'ஊதா' எண்ட சொல்லு. 40,000 டொலர் பரிசு. அடுத்த வருசம் இன்னும் ரெண்டு பெடியளோட சேந்து 2,000 எழுத்துக்கு மேல வாசிச்சு 7 லட்சம் டொலர். பெடியன் பிறகு அரசியல் பக்கம் போனது வேற கதை, அது இங்க வேண்டாம்.

இதில நான் கவனிச்சது என்னெண்டா அவன் மண்வெட்டி தூக்கேல்ல. எடுத்து வச்சு 270 வருசமான கட்டையைத்தான் வாசிச்சான். எங்கட சனத்துக்கு எப்பவும் கையில வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்.

என்ர பெரியப்பாவின்ர கதை சொல்லுறன். அவருக்கு ஒரு சாத்திரியார் வந்து, உங்கட நடு அறைக்குள்ள ஏழு பானை பொன் இருக்கு, அமாவாசை இரவில தோண்ட வேணும் எண்டிட்டார். பெரியம்மாவைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிப்போட்டுத் தோண்டத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால எட்டி, என்ன தம்பி சத்தம் எண்டார், இவர் கிணறு வெட்டுறன் எண்டார், கிழவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, 'வீட்டுக்குள்ளயோ?' எண்டு கேட்டார். சாத்திரியார் ஹோமம் வளக்க வேணும், விறகு ஈரம், பத்த மாட்டுதாம். பெரியப்பா பரணில ஏறி எங்கட பூட்டனாற்ற பெட்டியைத் திறந்து நல்லாக் காஞ்ச ஓலையாப் பாத்து அள்ளிக் குடுத்தார். விடியப்புறம் நாலு மணிக்கு மண்வெட்டி 'டங்' எண்டுது. சாத்திரியார் கும்பிட்டு விழுந்திட்டார். எடுத்துப் பாத்தா அம்மிக் குழவி! காலமை பெரியம்மா வந்து குழியையும் பாக்கேல்ல, ஒண்டையும் பாக்கேல்ல, குழவியைத் தூக்கி வச்சுக்கொண்டு, இதைத்தானே பத்து வருசமாத் தேடினனான் எண்டா.

சிரிக்கிறியள். நானும் கன காலம் சிரிச்சனான். எரிஞ்சது என்ன ஓலையெண்டு நான் கேட்டது எனக்கு நாப்பது வயசிலதான். பூட்டனார் வைத்தியர். அவ்வளவும் மருந்து ஏடு. கையில வெண்ணெய். அதை உருக்கி நெய்யாக்கவும் தெரியாம நெருப்பிலயே ஊத்தினம்.

(இப்ப இப்பிடித் தோண்டினா 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில உள்ளுக்குப் போடுவினம், அப்பாமார் கவனம்.)

மேதை எண்டு வெளிநாட்டில தேடுறம். சிறுப்பிட்டியில 1832ல பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 22 வயசில நீதிநெறி விளக்கத்தை அச்சில போட்டவர். பிறகு இந்தியாவில உத்தியோகம் பாத்துக்கொண்டே ஏடு தேடி அலைஞ்சு 1887ல கலித்தொகையை வெளியில கொண்டுவந்தார். எடுத்தா ஓரம் கொட்டுது, கட்டவிழ்த்தா இதழ் முறியுது எண்டு பதிப்புரையில அந்த மனுசன் அழுதிருக்கிறார். 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு 97,000 புத்தகம் போனதை ஒவ்வொரு மேடையிலயும் சொல்லுறம், சொல்லத்தான் வேணும், ஆனா மிச்சம் கொழும்பு ஃப்ளாட்டுகள்ல அலுமாரிக்கு மேல கிடக்கு. சிலது போத்தல் பேப்பர்காரரிட்டப் போகுது.

ரெண்டாவது விசயம் மூளையோ மெஷினோ, அதை விடுங்கோ. துண்டு வந்திட்டுது, இன்னும் ரெண்டு நிமிசமாம்.

ஏடு இருந்தா பொலித்தீன் பையில கட்டாதேங்கோ, கொழும்புக் கடல் காத்துக்கு வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். லாமினேட் பண்ணாதேங்கோ, ஒராள் பண்ணிக்கொண்டு வந்து காட்டினார், எனக்கு நெஞ்சு வலிச்சுது. பருத்தித் துணியில சுத்துங்கோ. எழுத்துத் தெரியேல்லயெண்டு எறியவும் வேண்டாம், எழுத்தாணியால கீறினது, கரி பூசினாத்தான் தெரியும். இத்தாலியில கரிக்குள்ள எழுத்து ஒளிச்சிருக்கு, எங்களுக்குக் கரி பூசினாத்தான் எழுத்து வெளியில வரும், எவ்வளவு லேசு பாருங்கோ! ஆனா நீங்களா பூசாதேங்கோ, தெரிஞ்ச ஆள் வந்து லெமன்கிராஸ் எண்ணெய் போட்டுச் செய்ய வேணும்.

'நூலகம்' எண்டே பேர் வச்ச இணையத்தளம் ஒண்டு 2005ல இருந்து பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணிப் போடுது. நாங்கள் செய்யக் கேக்கிறது அதைவிடச் சின்ன வேலை. கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஆர் வீட்டில ஏடு, பழைய காயிதம், காணி உறுதி இருக்கெண்டு ஒரு லிஸ்ட். ஏட்டைத் தர வேண்டாம், இருக்கெண்டு சொன்னாக் காணும். பரிசு வாங்கின பிள்ளையள் அஞ்சு பேர் ஒத்துக்கொண்டிட்டினம், வாசல்ல சீ.ஆர். கொப்பியோட நிப்பினம். வடை சாப்பிட்ட கையைத் துடைச்சிட்டு எழுதுங்கோ, போன முறை கொப்பி முழுக்க எண்ணெய்.

முதலாளி ஐயா, உங்கட அப்பாவின்ர பெட்டி ஒண்டு மேல் மாடியில இருக்கெண்டு கேள்விப்பட்டன். முதல் பேர் உங்கடதாத்தான் எழுதி வச்சிருக்கு.