இரண்டு புட்டி ஓடைநீர்

அவையோர்க்கு வணக்கம். மேசைமேல் உள்ள முதல் புட்டியில் இருப்பது, மழை ஓய்ந்த சற்று நேரத்தில் ஏற்காட்டு ஓடை ஒன்றில் எடுத்த நீர். வண்டல் அடியில் படிந்துவிட்டது. ஆயினும் மேலே தெளிந்து நிற்கும் நீரில் பால் கலவாத தேநீரின் வெளிறிய நிறம் இன்னும் இருக்கிறது. 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் வடித்தாலும் அது போகாது. அவ்வாறு வடிதாளைக் கடந்துவிடும் கரிமப் பொருளில் உள்ள கார்பனைத்தான் கரைந்த கரிமக் கார்பன் என்கிறோம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம்.

இந்த நிறம் சருகு தந்தது. கோடையில் ஓடையில் ஓடுவது மண்ணின் ஆழத்தில் ஊறி மெல்லக் கசியும் நீர். சேர்வராயன் மலையுச்சிகளில் சார்னோக்கைட் பாறை சிதைந்து உண்டான பாக்சைட் மண்ணில் நிறைந்துள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் கரிமத்தைப் பற்றி வைத்துக்கொள்வதால், அந்த நீர் நிறமின்றி வருகிறது. அம்மண் வெட்டி எடுக்கப்பட்ட சரிவில் இந்தப் பிடிமானம் குறையும். கனமழையிலோ, நீர் ஆழம் இறங்க நேரமின்றி மேல்மண்ணின் மட்கினூடே வழிந்து வந்துவிடுவதால், மலையாறு ஓராண்டில் சுமக்கும் கரிமத்தில் பெரும்பங்கு சில மழை நாட்களிலேயே கீழே போய்விடுகிறது. மாதம் ஒருமுறை, அதுவும் வெயில் நாளாகப் பார்த்து நீர் எடுப்பவர்க்கு (நானும் பல காலம் அப்படித்தான் எடுத்தேன், மழையில் மலையேற யாருக்கு மனம் வரும்?) இந்தக் கணக்கு பிடிபடாது.

இரண்டாவது புட்டி, காப்பிக் களம் ஒன்றின் கீழே எடுத்தது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. பழத்தின் தோலைப் பல்ப்பர் எந்திரத்தில் உரித்து, கொட்டையைச் சுற்றிய வழவழப்பை நொதிக்கவிட்டுக் கழுவும் நீரில் சர்க்கரையும் பெக்டினும் மிகுதி. அடிவாரத்தில் திருமணிமுத்தாற்றில் சேலத்துச் சாக்கடையும், மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகளின் மாவுச்சத்துக் கழிவும் சேரும்போதும் இதே கதைதான். சருகின் கார்பனை நுண்ணுயிர்கள் மெல்லத்தான் தின்னும். சர்க்கரை, மாவுச்சத்துக் கழிவின் கார்பனையோ உடனே தின்று, நீரின் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மில்லிகிராம் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே தெரியலாம். ஆகவே 254 நானோமீட்டர் புறஊதா ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்றும் பார்க்கிறோம்: சருகுக் கார்பன் மிகுதியாக உறிஞ்சும், சர்க்கரை ஏறக்குறைய உறிஞ்சாது.

சருகுக் கார்பன் முற்றிலும் சாது என்றும் சொல்லமாட்டேன். குடிநீரில் குளோரின் கலக்கும்போது அதனோடு வினைபுரிந்து ட்ரைஹாலோமீத்தேன்கள் என்னும் தீங்கான வேதிப்பொருள்களை உண்டாக்குவதும் அதுவே. இது 1974-இல் ராட்டர்டாம் நகரக் குடிநீரில் கண்டறியப்பட்டது.

இரண்டாவது புட்டியைத் திறந்து காட்டத்தான் கொண்டுவந்தேன். நேற்றிரவு முழுதும் மூடியிருந்ததால், முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களை எண்ணி மூடியபடியே வைத்திருக்கிறேன்.