சுமாரா? கோப்பைகளே என்ற அணிக்காக ஓர் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஸ்வீடன் நாட்டுக் கால்பந்துப் பயிற்சியாளர் ஸ்வென்-யோரான் எரிக்சனின் வாழ்க்கையில் விஞ்சி நிற்பது கைக்கு வந்த கோப்பைகளா, கைநழுவிய வாய்ப்புகளா? கோப்பைகளே என்று பேச வந்திருக்கிறேன்.

நேரே பட்டியலுக்குப் போயிருப்பேன், எதிரணித் தோழர் விடவில்லை. "சுமாராக ஆடினார், சுமாராகப் பயிற்சி கொடுத்தார், கடைசியில் சுமாராக நிர்வாகமும் பார்த்தார், அவ்வளவுதான் எரிக்சன்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் இறங்கப்போவதில்லை.

சுமாராக ஆடினார், சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். கீழ் டிவிஷன்களில் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், 27 வயதில் முழங்கால் காயம், ஆட்டம் முடிந்தது. டேகர்ஃபோர்ஸ் என்ற சின்ன கிளப்பில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார், அப்புறம் தலைமைப் பொறுப்புக்கு வந்து அந்த அணியை ஒரு படி மேல் டிவிஷனுக்கு ஏற்றினார். 1979-ல் ஐ.எஃப்.கே. கோத்தன்பர்க் கூப்பிட்டது. ஸ்வீடனின் பெரிய கிளப். அங்கிருந்த வீரர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது.

இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். முதல் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. வேறு யாராவது இருந்தால் மைதானத்தைக் குறை சொல்லியிருப்பார்கள், வீரர்களைக் குறை சொல்லியிருப்பார்கள். இந்த 31 வயதுக்காரர் வீரர்களிடமே போய், வேண்டாமென்றால் சொல்லுங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்றார். யாரிடம்? மூன்று ஆட்டம் தோற்று எரிச்சலில் இருக்கிற வீரர்களிடம்! முதலாளியிடம் ராஜினாமா கொடுப்பவரைப் பார்த்திருக்கிறோம், தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் கொடுக்க முன்வந்தவரைப் பார்த்திருக்கிறோமா? அந்த வீரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இருங்கள் என்றார்கள்.

இருந்தார். மூன்று வருஷம் கழித்து, 1982. கிளப்பின் கஜானா காலி. ஐரோப்பியக் கிளப்களுக்கான யூஇஎஃப்ஏ கோப்பைக் காலிறுதிக்கு ஸ்பெயினின் வாலென்சியா போக விமானக் காசு இல்லை, ரசிகர் மன்றத்திடம் கடன் வாங்கினார்கள். ஆட்டம் பார்க்க ரசிகன் காசு கொடுப்பது எங்கும் நடப்பது, அணி ஊர் போய்ச் சேரவே ரசிகன் காசு கொடுத்தது அங்கே நடந்தது! வேறு வேலையும் பார்த்துக்கொண்டே பந்து ஆடியவர்கள் அந்த வீரர்கள். கடன் வாங்கிப் போனவர்கள் வாலென்சியாவைத் தாண்டினார்கள், கைசர்ஸ்லாட்டர்னைத் தாண்டினார்கள், இரண்டு ஆட்டங்களாக நடந்த இறுதிப் போட்டியில் ஹாம்பர்க். கோத்தன்பர்க்கில் தண்ணீர் தேங்கிய மைதானத்தில் கடைசி நிமிடங்களில் ஒரு கோல், 1-0. திருப்பி ஹாம்பர்க்கிலேயே போய், அவர்கள் சொந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே, 3-0. அந்த ஹாம்பர்க் யார்? அந்த வருஷம் ஜெர்மனியின் சாம்பியன், அடுத்த வருஷம் ஐரோப்பாவின் சாம்பியன்! ஸ்வீடன் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. சுமாரா, தோழரே?

அப்புறம் பென்ஃபிகா, ரோமா, சம்ப்டோரியா, எங்கேயும் கோப்பை. 2000 மே 14-ல் அவர் பயிற்சி கொடுத்த ரோம் நகரக் கிளப் லாசியோ தன் ஆட்டத்தை 3-0 என்று முடித்துவிட்டு, மழையால் தாமதமான பெருஜா ஆட்டத்தில், பட்டத்துக்குப் போட்டியிட்ட யுவென்டஸ் என்ன ஆகிறது என்று ரோமில் காத்துக் கிடந்தது. யுவென்டஸ் தோற்றது. 26 வருஷத்துக்குப் பிறகு லாசியோவுக்கு இத்தாலி லீக் பட்டம்.

இங்கிலாந்து அணியின் பயிற்சியாளராக 2002 உலகக் கோப்பை, 2004 யூரோ கோப்பை, 2006 உலகக் கோப்பை மூன்றிலும் காலிறுதியில் வெளியேறியதைத்தான் எதிரணி பிடித்துத் தொங்குகிறது. உண்மைதான். மியூனிக்கில் ஜெர்மனியை 5-1 என்று அடித்ததும் அதே உண்மைதானே?

நிர்வாகம் சுமார் என்றார். 2009-ல் நாட்ஸ் கவுண்டி என்ற இங்கிலாந்துக் கிளப்பில் கால்பந்து இயக்குநரானார். கிளப்பை வாங்கியவர்கள் சொன்ன பணம் வரவே இல்லை. புது உரிமையாளர் வந்து கிளப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று, தனக்கு வரவேண்டிய பெரிய தொகையை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அந்த சீசனில் நாட்ஸ் கவுண்டி, இங்கிலாந்தின் நான்காம் டிவிஷனான லீக் டூவில் சாம்பியன். பணத்தை எண்ணிப் பார்க்கிறவர் செய்கிற காரியமா இது?

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் தனக்குப் புற்றுநோய், அதிகபட்சம் ஒரு வருஷம் என்று அந்த மனிதர் உலகத்துக்கே சொன்னார். லிவர்பூலுக்குப் பயிற்சியாளராக வேண்டும் என்பது வாழ்நாள் ஆசை, அது நடக்கவில்லை என்றார். அவரும் அவர் அப்பாவும் லிவர்பூல் ரசிகர்கள். அந்தக் கிளப் கூப்பிட்டது! மார்ச் 23, லிவர்பூலின் சொந்த மைதானம் ஆன்ஃபீல்ட், லிவர்பூல் பழைய வீரர்களுக்கும் அயாக்ஸ் பழைய வீரர்களுக்கும் ஆட்டம், லிவர்பூல் பக்கம் பெஞ்சில் எரிக்சன். இடைவேளையில் 0-2. முடிவில் 4-2. கைநழுவியது, கைநழுவியது என்று பேசுகிறீர்களே, ஐயா, கைநழுவிய அந்த ஒன்றைக்கூட அரங்கம் முழுக்க எழுந்து நின்று அவர் கையில் கொடுத்தது! ஐந்து மாதத்தில், ஆகஸ்ட் 26-ல், அவர் போய்விட்டார். அந்த மனிதரையா சுமார் என்றீர்கள்? அந்தச் சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் தோழரே, தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குச் சம்மதம். வணக்கம்.