வயலுக்கு மேல் வளர்ந்த கொழும்பு

பெரியோர்களே, நண்பர்களே,

கொழும்பு பெரிதாகிக்கொண்டே போகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த நிலத்தை எடுத்துக்கொண்டு பெரிதாகிறது என்று அவ்வளவாகக் கேட்பதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 5,60,000 பேர். மாவட்டம் முழுவதிலும் 23 லட்சத்துக்கு மேல். அதாவது நாலில் மூன்று பேர் மாநகருக்கு வெளியே, மஹரகம, கடுவெல, கொலன்னாவ, ஹோமாகம என்று பரந்து வாழ்கிறார்கள். ஆகவே நகர வளர்ச்சியைப் பார்க்கவேண்டிய இடம் கோட்டையும் புறக்கோட்டையும் அல்ல, அந்த வெளிப்புறம்தான்.

அந்தப் பக்கத்து நிலம் மேடும் பள்ளமுமாகக் கிடப்பது. மேட்டில் வீடு, அதைச் சுற்றி பலா, தென்னை, கமுகு நிற்கிற வளவு. சரிவுக்குக் கீழே வயல். அதற்கும் கீழே சதுப்பு. மழை பெய்தால் தண்ணீர் வயலில் நின்று, சதுப்பில் தங்கி, ஆறுதலாகக் களனி ஆற்றுக்குப் போகும். இல்லாவிட்டால் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் வழியாகக் கடலுக்குப் போகும். முற்காலத்தில் கோட்டே நகரிலிருந்து ஆண்ட கோட்டை இராச்சியத்து அரசர்கள் அந்தச் சதுப்பையே தங்கள் தலைநகருக்கு அரணாக வைத்திருந்தார்கள்.

முதலில் காலி வீதி, ஹைலெவல் வீதி, கண்டி வீதி ஓரங்கள் நிரம்பின. வீதிக்கும் வீதிக்கும் நடுவில் வயல்கள் எஞ்சி நின்றன. 1982இல் பாராளுமன்றம் தியவன்னா ஓயா என்ற நீர்நிலைப் பக்கம் போனது. அமைச்சுக்களும் திணைக்களங்களும் ஒவ்வொன்றாகப் பத்தரமுல்லைக்கு நகர்ந்தன. ராஜகிரிய, தலவத்துகொட பக்கம் காணி விலை ஏறியது. பேர்ச் என்ற சிறு நில அளவின் கணக்கில் விலை பேசத் தொடங்கிய பிறகு, வருடத்துக்கு இரண்டு போக நெல்லை நம்பி யார் வயலை வைத்திருப்பார்கள்?

வயல் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. மேலே புதிதாக எழும்பிய வீடுகள் வாய்க்காலை மறிக்கின்றன. வடியாத தண்ணீரில் பயிர் அழுகுகிறது. இரண்டு மூன்று போகம் நட்டப்பட்டவர் விதைப்பதை விட்டுவிடுகிறார். சதுப்பில் வளரும் பன்புல் முளைக்கிறது. அப்புறம் ஒரு இரவில் லொறி வந்து உடைத்த வீட்டின் கல்லையும் கூரை ஓடுகளையும் கரையில் கொட்டிவிட்டுப் போகிறது. பிறகு கிரவல் மண். பிறகு ஒரு மதில். மதில் வந்துவிட்டால் அது வயல் என்று சொல்ல ஆளில்லை. வயலை நிரப்புவதற்குக் கமநல அதிகாரிகளின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் கைவிட்ட வயலை வயலென்று நினைப்பவர்கள் குறைவு. சட்டம் தோற்பது அங்கேதான்.

நிரப்பிய இடத்துத் தண்ணீர் பக்கத்துக் காணிக்குப் போகிறது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. 2016 மே மாதம் களனி பெருகி வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் மூழ்கின. மேட்டில் காணி வாங்க வசதி இல்லாதவர்கள்தான் பள்ளத்தில் அதிகம். அதே கொலன்னாவைப் பக்கம், மீதொட்டமுல்லையில், நகரத்தின் குப்பையை மலையாகக் குவித்தார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, அது சரிந்து 30க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த மக்களின் குற்றம் என்ன?

சரி, இதெல்லாம் தூரத்துக் கதை என்று வெள்ளவத்தையில் இருக்கிற நாம் நினைக்கக்கூடாது. 1983க்குப் பிறகும் போர்க் காலத்திலும் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஒழுங்கைகள் அடைக்கலம் தந்தன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் காசில் தொடர்மாடிகள் எழும்பின. வேறு வழி இருக்கவில்லை, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கண்ணால் பார்ப்பதைச் சொல்லவேண்டும். முன்பு ஒரு வீடு, ஒரு கிணறு, இரண்டு மாமரம். இது மணல் தரை. கூரையில் விழுந்த மழை முற்றத்திலேயே இறங்கிவிடும். இப்போது அதே காணியில் ஏழெட்டு மாடி. கீழே கார் நிறுத்துமிடம், மதில் முதல் மதில் வரை கொங்கிரீட். அத்தனை தண்ணீரும் ஒழுங்கையோரத்துப் பழைய கானுக்குத்தான் வரவேண்டும்.

இன்னும் ஈரநிலம் மிச்சம் இருக்கிறது. 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களில் பலகைப் பாதையில் நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மீன்பிடிப் பூனை இந்த நகரத்து ஈரநிலங்களில் இன்னும் உலாவுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். புறநகரில் காணி வாங்கப் போகிறவர்கள் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய நில அளவைப் படத்தில் அந்த இடம் வயலா, வயலோரத்துத் தாழ்நிலமான ஓவிட்டையா, மேட்டுக்காணியா என்று பாருங்கள். மழை நாளில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்று விசாரியுங்கள். நிரப்பிய வயல் என்று தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், முற்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.