வாசல்ல செருகுன வேப்பங்கொத்து

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பிக்கும், திருவிழா வேலையெல்லாம் முடிச்சுட்டு இந்த நேரத்துலயும் பந்தல்ல உக்காந்திருக்கிற ஆச்சிமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றம் நடத்தின மண்ணு இது, இங்க மைக்கப் பிடிக்கிறதே ஒரு பொறுப்பு, அதனால மனசுல இருக்கிறத மட்டும் பேசிட்டுப் போறேன்.

தலைப்பு என்னன்னா, நம்ம சடங்குல வேப்பிலை, சாம்பிராணி, ஓமத்துல போடுற சமித்துக் குச்சி இதெல்லாம் இன்னிக்கும் நிலைச்சு நிக்கிறது மருந்துக் குணத்தாலயா, மனுஷன் மனசுல இருக்கிற நம்பிக்கையாலயா. நான் நம்பிக்கைதான்னு சொல்ல வந்திருக்கேன். தம்பி வந்து வேப்பிலை கிருமி நாசினி, சாம்பிராணி கொசுவ விரட்டும், மஞ்சளுக்கு அமெரிக்காக்காரனே பேடன்ட் எடுத்தான்னு அடுக்கிட்டுப் போச்சு, நல்லாத்தான் பேசிச்சு, கைதட்டும் வாங்கிச்சு. ஆனா ஐயா, சாமிக்கு வைக்கிற ஒரு இலைக்கு லேப் ரிப்போர்ட் கேட்டு நிக்கிறோமே, அது எனக்கு வருத்தமா இருக்கு.

என் கதையிலேருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு ஒம்பது வயசுல அம்மை போட்டுச்சு. வளவுல, அதான் முற்றத்தச் சுத்தின கட்டுல, கிழக்குப் பக்கத்து ரூம்புல வெள்ளைத் துணி விரிச்சு என்னையப் படுக்க வச்சாக. எங்க அப்பத்தா பின்கட்டுக்குப் போயி கொழுந்து வேப்பங்கொத்தா பாத்து ஒடிச்சிட்டு வந்து முகப்பு நிலையில ரெண்டு பக்கமும் செருகுனாக, பர்மா தேக்கு நிலை அது, அந்தக் கறுப்பு மரத்துல பச்சையா அந்த இலை நின்னது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசப்படி ஒருத்தர் மிதிக்கல. பால்காரர் திண்ணையிலயே செம்ப வச்சிட்டுப் போனாரு. தாளிக்கிற சத்தம் இல்ல, எங்க ஆத்தாவும் அப்பச்சியும், அதான் அம்மாவும் அப்பாவும், குரல் உசத்திப் பேசல. ராத்திரி பூராவும் அப்பத்தா பக்கத்துல உக்காந்து அரிக்கிற எடத்துல எல்லாம் அந்தக் கொத்தால உச்சியிலேருந்து கால் வரைக்கும் மெதுவா வருடிக்கிட்டே இருந்தாக, இலையோட ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும்ல, அது தோல்ல படுறப்ப ஒரு சிலுசிலுப்பு, லேசான கசப்பு வாசனை, "மாரியாத்தா வந்திருக்கா, குளுந்து போயிருவா, நீ பேசாம தூங்கு"ன்னு ஒரு குரல். அந்தக் குரலுக்குத்தான் நான் தூங்குனேன்.

இப்ப தம்பி சொல்லும், பாத்தீங்களா வேப்பிலைதான் வைரஸ கொன்னுச்சுன்னு. கொல்லலீங்க. சின்னம்மை வேப்பிலை வச்சாலும் வைக்காட்டியும் ஒரு வாரம் பத்து நாள்ல பொருக்கு தட்டி எறங்கிரும். அந்தக் கொத்து செஞ்ச வேலை வேற. ஊருக்கு சேதி சொல்லுச்சு, இந்த வீட்டுல ஒரு புள்ள முடியாம கெடக்கு, உள்ள வராதீக, சத்தம் போடாதீகன்னு. பயந்து போன ஒரு அப்பத்தாவோட கைக்கு ராத்திரி முழுக்க செய்யறதுக்கு ஒரு வேலை குடுத்துச்சு. இதை எந்த மாத்திரையும் செய்யாது.

அடுத்தது ரொம்ப முக்கியம், எதிரணி இதுக்கு பதில் சொல்லணும். பெரியம்மை இந்த நாட்ட விட்டுப் போனது 1975-ல. உலகத்த விட்டே போயிருச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது 1980-ல. போனது எதனாலன்னா தடுப்பூசியால, அதுல ரெண்டு பேச்சுக்கு எடமே இல்ல. சரி, வேப்பிலை அம்மைக்கு மருந்துன்னுதான் மாரியம்மன் கோயிலுக்குள்ள வந்துச்சுன்னா, அந்த நோய் போனதோட வேப்பிலையும் போயிருக்கணும்ல? காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில்ல மாசி பங்குனித் திருவிழாவப் போயி பாருங்க, பால்குடம் சுமந்து வர்ற சனம் ரோடு கொள்ளாது, குடத்து வாயில வேப்பிலை, இடுப்புல வேப்பிலை, தீச்சட்டிக்கு அடியில வேப்பிலை. அந்தக் கூட்டத்துல பெரியம்மைய கண்ணால பாத்தவுக எத்தன பேரு இருப்பாக? நோய் செத்து அம்பது வருஷம் ஆச்சு, இலை சாகல. அப்ப அந்த இலை நோய்க்காக மட்டும் வந்தது இல்ல, வேற எதுக்கோ வந்துருக்கு.

பேடன்ட் கதைக்கு வர்றேன். மஞ்சளுக்கு அமெரிக்காவுல 1995-ல பேடன்ட் குடுத்தது நிஜம், நம்ம நாட்டு அறிவியல் ஆராய்ச்சி மன்றம் சி.எஸ்.ஐ.ஆர். சண்ட போட்டு 1997-ல அதை ரத்து பண்ண வச்சதும் நிஜம், எனக்கும் அதுல பெருமைதான். ஆனா அந்த பேடன்ட் எதுக்குன்னு தம்பி சொல்லல. காயத்துக்கு மஞ்சப்பொடி போடுறதுக்கு. வேம்புக்கு ஐரோப்பாவுல 1994-ல குடுத்து 2000-ல ரத்து பண்ணாங்களே, அது பயிர்ல வர்ற பூஞ்சணத்துக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறதுக்கு. ரெண்டுமே வைத்தியம், வெவசாயம். சடங்கு இதுல எங்க வந்துச்சு? தாலிக்கயித்துல மஞ்சள் பூசுறது கழுத்துல காயம் ஆகும்னா? மருந்துக்கு ஒரு மரியாதை இருக்கு, அத நான் கொறைக்கல, அந்த மரியாதைய எடுத்து சடங்குக்கு சட்டையா போட்டு விடாதீங்கங்கிறேன்.

சாம்பிராணிக்கு வருவோம். நம்ம கடைகள்ல விக்கிற சாம்பிராணியில ஒரு வகை சுமத்ராவுல வளர்ற மரத்தோட பால். மரத்துல கீறல் போட்டு வுட்டா வெள்ளையா கசிஞ்சு காஞ்சு கட்டியாகும். அரபு யாவாரிங்க லுபான் ஜாவின்னாங்க, ஜாவாப் பக்கத்துத் தூபம்னு அர்த்தம், அந்தப் பேருதான் வாய் மாறி வாய் மாறி பென்சாயின் ஆச்சு. ஆசுபத்திரியில டிங்சர் பென்சாயின்னு ஒரு பழுப்புத் தண்ணி வச்சிருப்பாங்க பாருங்க, ஊசி குத்துன எடத்துல பஞ்சுல தொட்டு ஒட்டுவாங்க, அது இந்த சாம்பிராணியக் கரைச்சதுதான். ஆக மருந்துக் குணம் இருக்கு, நானே ஒத்துக்கிறேன். மலேசியாவுல இதுக்குப் பேரு கெமெஞான், அங்க மலாய்க்கார மந்திரவாதி பேய் ஓட்டவும் ஆவியக் கூப்பிடவும் இதத்தான் தணல்ல போடுறாரு. கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டி யாவாரத்துக்கு, போன நம்ம ஐயாக்கள் பினாங்குல தண்ணிமலையான் கோயில்ல முருகனுக்கும் சாம்பிராணி போட்டாக. இந்தா பக்கத்துல திருமயம் ரோட்டுல காட்டுபாவா பள்ளிவாசல்லயும் சாம்பிராணிப் புகை. சர்ச்சுல தூபக்கலசம் ஆடுது, ஏசு பொறந்தப்ப கெழக்கேருந்து வந்த ஞானிகள் பொன்னோட கொண்டு வந்தது தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும், ரெண்டும் மரத்துப் பிசினு. மந்திரவாதி, குருக்கள், அசரத்து, ஃபாதர் இத்தன பேரும் கொசு விரட்டத்தான் ஒரே முடிவுக்கு வந்தாகளா? கட்டியா கெடந்தது தணல்ல விழுந்து உருகி புகையா மேல போறத பாத்தா மனுஷனுக்கு என்னமோ ஆகுது. நம்ம சொல்ல வந்த ஒண்ணு நமக்கு எட்டாத எடத்துக்குப் போற மாதிரி. அவ்வளவுதான், அதுக்கு மேல வெளக்கம் வேண்டாம்.

குங்கிலியக் கலய நாயனார நெனச்சுப் பாருங்க. திருக்கடவூர்க்காரர். வீட்டுல புள்ளைங்க பசியில சுருண்டு கெடக்கு, பொண்டாட்டி தாலியக் கழட்டிக் குடுத்து நெல்லு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புறா, வழியில சாமிக்குப் புகை போடுற குங்கிலியப் பொதி வருது, தாலியக் குடுத்து அத வாங்கிக் கோயில்ல சேத்துட்டாரு. அது சரியா தப்பாங்கிறத விடுங்க, நான் அந்தப் பொண்டாட்டி பக்கம் நின்னு பல தடவ கோவப்பட்டிருக்கேன். ஆனா காத்த சுத்தம் பண்ண ஒருத்தன் தாலிய விப்பானா?

தம்பி மருதப்பட்டை நெஞ்சுக்கு நல்லதுன்னுச்சு. பிள்ளையார்பட்டிக்குப் பழைய பேரு மருதங்குடி, அங்க மருதமரம்தான் தல விருட்சம். நம்ம நகரத்தாரோட ஒம்பது கோயில்ல இலுப்பைக்குடிக்கு மரத்தோட பேரே ஊர்ப்பேரு. மருந்துன்னு மட்டும் பாத்திருந்தா எந்தத் தல விருட்சத்துக்கும் மேல்ல பட்டை மிஞ்சியிருக்காது. சாமின்னு சொன்னதாலதான் அருவா படல. சந்தனத்தப் பாருங்க, அதுக்கு வெல வந்துச்சு, காட்டுல வெட்டி வெட்டி இன்னிக்கு அது அழியக்கூடிய நெலமையில இருக்கிற மரம்னு உலகப் பட்டியல்ல ஏறிருச்சு. நாட்டு வைத்தியர் கூட மூலிகை பறிக்கிறதுக்கு முன்னாடி சாப நிவர்த்தின்னு ஒண்ணு செய்வாரு, செடிக்கு மஞ்சள் நூல் காப்புக் கட்டி, மந்திரம் சொல்லி, உன்னைய எடுக்கிறேன்னு அனுமதி கேட்டுத்தான் வேர்ல கை வைப்பாரு. அந்த நூலுக்கு ஒரு ரசாயனமும் கெடையாது. ஆனா அந்த நூலக் கட்டுற கை செடியப் புடுங்கித் தள்ளாது.

நவகிரக ஓமத்துல சூரியனுக்கு எருக்கு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, குருவுக்கு அரசு, சுக்கிரனுக்கு அத்தி, சனிக்கு வன்னின்னு சமித்துப் போடுறோம். வன்னிக் குச்சி சனிக்கெரகத்த என்ன வைத்தியம் பண்ணுது? அது ஒரு மொழிங்க, எழுத்துக்குப் பதிலா குச்சி.

இப்ப கோவமான விஷயம் ஒண்ணு. எல்லாத்தயும் சயின்ஸ்னு சொல்லப் போயி நடந்த கேட்டப் பாருங்க. கருங்காலி மாலை! உடம்பு சூட்ட இழுக்கும், கதிர்வீச்ச இழுக்கும், ரத்த ஓட்டம் சீராகும்னு வீடியோ மேல வீடியோ, எங்க சித்தப்பா மகன் ஆன்லைன்ல தொள்ளாயிரம் ரூவா குடுத்து வாங்குனான், மொத மழைக்கே வெள்ளைச் சட்டையில சாயம் எறங்கிருச்சு. செவ்வாய்க்கு ஒரு குச்சி போடுறவன ஏமாத்த முடியாது, அவனுக்குத் தேவை ஒரு குச்சி. பலன் வேணும், சயின்ஸ் வேணும்னு கேக்குறவனத்தான் ஏமாத்துவாங்க.

இன்னொண்ணு, இத சொல்றப்ப இன்னும் எனக்குக் கை நடுங்குது. வசம்பு. பேர் சொல்லாததுன்னுதான் எங்க வீட்டுல சொல்லுவாக, ராத்திரியில அந்தப் பேர எடுக்க மாட்டாக. புள்ளைக்குக் கண்ணு படாம இருக்க அதக் கோத்து கையில வளையலாப் போடுவோம். அது சடங்கு. எங்க அண்ணன் மகன் ரெண்டு மாசப் புள்ளையா இருக்கறப்ப, அழுதுக்கிட்டே இருக்குன்னு ஒரு சொந்தக்காரவுக வசம்பச் சுட்டுத் தாய்ப்பால்ல கொழைச்சு நாக்குல தடவிட்டாக, ஒரு தடவ இல்ல, அன்னிக்கே மூணு தடவ, மருந்துதானே, மருந்து என்ன செய்யும்னு. புள்ள கக்கு கக்குன்னு கக்கித் துவண்டு போயி, காரைக்குடிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அந்த டாக்டரம்மா சத்தமே போடல, "இது மூலிகைதான், ஆனா புள்ளைக்கு விஷம்"னு மட்டும் சொன்னாக. அதுக்கப்புறம் தேடிப் படிச்சேன், அதுல பீட்டா அசரோன்னு ஒரு பொருள் இருக்கு, அமெரிக்காவுல 1968-லயே வசம்ப உணவுல சேக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. எதிரணி நண்பர்களே, உங்க வாதம் மேடையில நல்லாருக்கும், வீட்டுக்குள்ள வந்தா அது ஒரு புள்ளையோட நாக்குல போயி நிக்குது. சாம்பிராணியும் அப்பிடித்தான், குளிப்பாட்டுன புள்ளையப் புகைக்கு மேல காட்டுறாக, அந்தப் பிஞ்சு நுரையீரலுக்குப் புகை புகைதான். சாமிக்குக் காட்டுங்க, புள்ளைக்கு வேண்டாம். நம்பிக்கைன்னு தெரிஞ்சவுகதான் எங்க நிறுத்தணும்னும் தெரிஞ்சவுக, மருந்துன்னு நெனைக்கிறவுக டோஸ் ஏத்திக்கிட்டே போவாக.

ஐயா மணியில கை வைக்கிறாக, இன்னும் ரெண்டே நிமிசம்.

நம்ம பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலேருந்து இருவத்தொரு நாள், கோடி வேட்டியிலேருந்து நூல் எடுத்து இருவத்தொரு இழை திரியாக்கி, வெல்லம் போட்ட இழைமாவுல நட்டு, நெய்யில கொளுத்தி, எரியிறப்பவே வாயில போட்டுக்கிறோம். பக்கத்துல ஆவாரம்பூக் கொத்து. ஆவாரம்பூ சக்கரைக்கு நல்லதும்பாக. இருக்கட்டும், ஆனா அன்னிக்கு அதக் கொதிக்க வச்சு யாரும் குடிக்கல, சும்மா பிள்ளையார்கிட்ட வச்சுருக்கோம். பக்கத்துல இருக்கிறது வெல்லம், சக்கரைக்காரவுகளுக்கு அது ஆகாது!

எங்க அப்பச்சி மலேசியாவுல இருந்த வருஷங்கள்ல, எங்க வீட்டுப் பழக்கம், அவுகளுக்கும் சேத்து ஒரு இழை செய்வோம். எல்லாரும் எடுத்து முடிச்சப்புறம் அப்பத்தா அந்தக் கடைசி இழையக் கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிசம் அசையாம இருப்பாக, திரி எரிஞ்சு மாவத் தொடுற வரைக்கும், அப்பறம் மகன் பேரச் சொல்லித் தானே வாயில போட்டுக்குவாக. வளவெல்லாம் நெய்த்திரி வாசனை. மறுநாள் காலையில அந்த ஆவாரம்பூவ எடுத்து, குப்பையில போடாம, மடிச்ச வெத்தலையில வச்சு அப்பச்சி பொட்டிக்குள்ள, அவுக சட்டைக்கு நடுவுல வச்சாக. அப்பச்சி வந்து தெறந்தப்ப பூவெல்லாம் காஞ்சு மஞ்சத் தூளாக் கெடந்துச்சு. அத உதறாம அந்தச் சட்டையவே எடுத்துப் போட்டுக்கிட்டாக.