மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, பிரேக் லைட் எரியவில்லை

வணக்கம். இன்றைக்குச் செயின் வீடியோவின் இரண்டாம் பாகம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. நேற்று ராத்திரி என் பைக்கின் பிரேக் லைட் எரிந்தது. ஐந்து நாள் போராட்டத்துக்குப் பிறகு எரிந்தது. அதைச் சொல்லாமல் இன்றைக்குச் செயினைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு சிக்னலில் நிற்கிறேன். பின்னால் காரில் வந்தவர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, "உங்கள் பிரேக் லைட் எரியவில்லை, நீங்கள் நிறுத்துவதே தெரியவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவருக்கு இங்கிருந்தே இன்னொரு முறை நன்றி. அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. ஹெட்லைட் போனால் அடுத்த நொடியே தெரிந்துவிடும். பிரேக் லைட் அப்படி இல்லை, நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மீதி வழி முழுக்க யாராவது பின்னால் நெருங்கினாலே எனக்குத் தோள் இறுகியது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தேன்.

வந்ததும் முதல் வேலை, வண்டியின் பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தினேன். நான் தனியாகத்தான் வேலை செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆள் கூப்பிட வேண்டாம், சுவரில் விழும் வெளிச்சமே போதும். சாவியைத் திருப்பினேன். முன் லீவரை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. பின் பெடலை மிதித்தேன், ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக யோசித்தால் பாதி வேலை மிச்சம். பிரேக் லைட்டுக்கு இரண்டு சுவிட்ச் உண்டு, முன் லீவரில் ஒன்று, பின் பெடலில் ஒன்று. இரண்டும் தனித்தனியாக ஒரே பல்பை எரிய வைப்பவை. முன்னால் பிடித்தால் எரிகிறது, பின்னால் மிதித்தால் எரியவில்லை என்றால் பின் சுவிட்சைப் பாருங்கள். இரண்டிலும் எரியவில்லை என்றால் சுவிட்சைத் தொடாதீர்கள். இரண்டு சுவிட்சும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்கும்: பியூஸ், பல்பு, ஹோல்டர், எர்த் (பல்பிலிருந்து மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), நடுவில் போகும் ஒயர்.

பியூஸை ஒரே நிமிடத்தில் ஒதுக்கினேன். என் வண்டியில் ஹாரனும் பிரேக் லைட்டும் ஒரே பியூஸில் வருகின்றன. ஹாரன் அடிக்கிறது, அதனால் பியூஸ் நன்றாக இருக்கிறது. பியூஸ் போனால் கொஞ்சம் பெரிய ஆம்பியர் போட்டு ஓட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். பியூஸ் எரிவது ஒயர் எரியாமல் இருப்பதற்காக. பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்தான். இதை ஹாரன் வீடியோவிலும் சொன்னேன், இன்னும் பத்து வீடியோவில் சொல்வேன்.

அடுத்து பல்பு. என் வண்டியில் இருப்பது பி21/5டபிள்யூ என்ற வகை. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும், ஒவ்வோர் இழைக்கும் ஒன்று. பித்தளை உடம்பு இரண்டுக்கும் பொதுவான எர்த். இந்தப் பொதுவான எர்த்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே. அதனால் பல்பைத் திருப்பிப் போட முடியாது, 5 வாட்டும் 21 வாட்டும் இடம் மாறாது. இதை யோசித்துச் செய்தவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு இழையும் அறுபடவில்லை, கண்ணாடி கறுக்கவில்லை. வோல்ட்டும் ஓமும் அளக்கும் மீட்டரிலும் வைத்துப் பார்த்தேன், 21 வாட் இழை 1 ஓம் அளவில் காட்டியது. 12 வோல்ட்டில் 21 வாட் என்றால் கணக்குப்படி கிட்டத்தட்ட 7 ஓம் வர வேண்டுமே என்று பயப்படாதீர்கள். அது இழை வெள்ளையாகச் சூடேறி எரியும்போது. ஆறிய இழையின் தடை அதில் ஒரு சிறு பங்குதான். பல்பு நல்ல பல்பு. ஆனாலும் மனசு கேட்காமல் புதுப் பல்பு போட்டேன். எரியவில்லை.

இப்போது வருகிறது எனக்கு இரண்டு நாளைத் தின்ற விஷயம். பல்பைக் கழற்றிவிட்டு, முன் லீவரை ரப்பர் பட்டை போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையை ஹோல்டருக்குள் பிரேக் பொட்டு தொடும் இடத்திலும், கறுப்பு முனையை ஹோல்டரின் உலோக உடம்பிலும் வைத்தேன். 12.2 வோல்ட். அழகாக, ஆடாமல் அசையாமல் 12.2. மின்சாரம் வருகிறது, எர்த்தும் இருக்கிறது, பல்பும் நல்லது. பிறகு ஏன் எரியவில்லை?

12.2 என்று பார்த்ததும் ஒயரிங் சரி என்று முடிவு கட்டிவிட்டேன். மீதி இருப்பது ஹோல்டர்தானே? உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று அதைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். தொடும் இடங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் கப்ளரோடு வரும் புது ஹோல்டரே வாங்கி மாட்டினேன். மீட்டரை வைத்தால் மறுபடியும் 12.2. பல்பைப் போட்டால் எரியவில்லை. இரண்டு நாள் இதே கதை. என் நோட்டில் 12.2 என்ற எண்ணை ஏழு தடவை எழுதியிருக்கிறேன், பாருங்கள், இந்தப் பக்கம் முழுக்க.

நாலாவது நாள் ராத்திரிதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இருட்டில் பிரேக்கை அழுத்தினால் பிரேக் லைட் எரியாதது மட்டும் இல்லை, எரிந்துகொண்டிருந்த டெயில் லைட்டும் அணையப் பார்க்கிறது. விட்டால் திரும்ப எரிகிறது. முதல் நாள் நல்ல வெயிலில் பார்த்ததால் இது தெரியவே இல்லை. அதனால் சொல்கிறேன், பிரேக் லைட்டை ஒரு முறையாவது இருட்டில் சோதியுங்கள். பிரேக் அழுத்தினால் டெயில் லைட் மங்குகிறதா, உடனே எர்த்தைச் சந்தேகப்படுங்கள். இரண்டு இழைக்கும் வெளியே போகும் வழி ஒன்றே. அந்த வழி அடைபட்டால் 5 வாட் இழை மட்டும் எப்படியோ சமாளிக்கும். 21 வாட் இழையும் சேர்ந்து அதே வழியில் இறங்கினால் இரண்டுக்கும் இல்லாமல் போகும். இண்டிகேட்டருக்கும் அதே எர்த் இருக்கும் வண்டிகளில், இண்டிகேட்டர் சிமிட்டும்போது டெயில் லைட்டும் கூடவே மங்கி மங்கி எரியும்.

அடடா, இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். பழைய இரவுப் பயண வீடியோவில் வண்டியைப் பின்னாலிருந்து எடுத்த ஒரு காட்சி வரும். நேற்று அதைத் திரும்பப் பார்த்தேன். டெயில் லைட் அப்போதே மஞ்சளடித்து மங்கலாகத்தான் இருந்திருக்கிறது. கேமராவால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துவிட்டேன். கோளாறு அன்றைக்கே தொடங்கியிருக்கிறது.

சரி, எர்த் மோசம் என்றால் மீட்டர் ஏன் 12.2 காட்டியது? மீட்டர் பொய் சொல்லவில்லை. வோல்ட் அளக்கும்போது அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. டிஜிட்டல் மீட்டருக்குள் பொதுவாக 10 மெகா ஓம் தடை இருக்கும். 12 வோல்ட்டில் அது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுக்கும். பிரேக் பல்புக்கோ ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும். இற்றுப்போன கிணற்றுக் கயிறு காலி வாளியைத் தாங்கும். நிறைந்த வாளியைத் தூக்கும்போதுதான் அறும். நான் இரண்டு நாளும் காலி வாளியைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே என் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தேன். ஹாரன் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், பழைய 21 வாட் பல்பில் இரண்டு ஒயர், நுனியில் முதலை கிளிப். விலை உயர்ந்த மீட்டரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் இது சுமை கொடுத்துச் சோதிக்கிறது. ஒரு கிளிப்பை ஹோல்டரின் பிரேக் முனையில் கொடுத்தேன், இன்னொன்றை நேராக பேட்டரி நெகட்டிவில் கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தது! அப்படியானால் சுவிட்சிலிருந்து ஹோல்டர் வரை வரும் வழி முழுக்கச் சரி. நெகட்டிவில் இருந்த கிளிப்பை எடுத்து ஹோல்டர் உடம்பில் வைத்தேன். அணைந்துவிட்டது. ஐந்து நாள் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில்.

எண்ணாகவும் பார்த்துவிடலாம் என்று பல்பைத் திரும்பப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஹோல்டர் உடம்பிலும் வைத்தேன். நல்ல எர்த்தில் இங்கே 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட்தான் இருக்க வேண்டும். எனக்கு 9.4! பேட்டரி கொடுக்கும் 12 வோல்ட்டில் 9.4 எர்த் வழியிலேயே தொலைகிறது. மிச்சத்தை வைத்துப் பல்பு எப்படி எரியும்? இந்த அளவை எடுக்கும்போது பல்பு உள்ளே இருக்க வேண்டும், பிரேக்கும் அழுத்தியிருக்க வேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பிறகு கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்கு அடியில், பேட்டரி பெட்டிக்குப் பக்கத்தில் வளைய லக் (ஒயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்) போட்டு வண்டிச் சட்டத்தில் போல்ட்டு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. லக்கை லேசாக ஆட்டினேன், டெயில் லைட் சிமிட்டியது. கழற்றி உறையைக் கீறிப் பார்த்தால், லக் நசுக்கியிருக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு. செம்புக் கம்பிகளில் முக்கால்வாசி பொடியாக உதிர்ந்தன. மிச்சம் நாலைந்து கம்பிதான் ஒட்டிக்கொண்டிருந்தன.

தண்ணீர்தான் காரணம். சீட்டைக் கழற்றிவிட்டு அழுத்தக் குழாயால் அடித்துக் கழுவுவேன் இல்லையா, அந்த வழக்கத்தை இன்றோடு நிறுத்துகிறேன். அந்த இடத்துக்கு ஈரத் துணி போதும்.

வெட்டுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒயரைக் கொஞ்சம் வெட்டி உரித்தேன், உள்ளே கறுப்பு. இன்னும் கொஞ்சம் வெட்டினேன், அதுவும் கறுப்பு. மூன்றாவது வெட்டில்தான் செம்பு செம்பாகத் தெரிந்தது. கறுத்த கம்பியில் புது லக் போட்டால் நாலு மாதத்தில் திரும்பவும் இதே கதைதான். முறுக்கி டேப் சுற்றி விடுவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. புது லக்கை நன்றாக நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டேன். சட்டத்தில் லக் உட்காரும் இடத்தில் துருவும் பெயிண்டும் போக உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் வைத்து முடுக்கினேன். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன்.

பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, லீவரை அழுத்தினேன். சுவர் முழுக்கச் சிவப்பு. அதே அளவை மறுபடி எடுத்தேன், 0.06 வோல்ட். 9.4 இருந்த இடத்தில் 0.06! அதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வட்டம் போட்டேன். எத்தனை முறை அழுத்திப் பார்த்தேன் என்று எண்ணவில்லை, போதும் என்று தோன்றவே இல்லை.

எல்இடி போட்டுவிடுங்கள் என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். அதில் நன்மை உண்டு, மறுக்க மாட்டேன். இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி எடுக்கும், எல்இடி அந்தக் கணமே எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவருக்கு அது மூன்று மீட்டருக்கு மேல் கூடுதல் இடம். ஆனால் இந்தக் கோளாறை வைத்துக்கொண்டு எல்இடி போட்டிருந்தால், அது இழுக்கும் குறைந்த மின்சாரத்துக்கு நாலைந்து கம்பியே போதும் என்று ஏதோ ஓர் அளவில் எரிந்திருக்கும். களிம்பு உள்ளே வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். முதலில் எர்த், அப்புறம் எல்இடி.

இருங்கள், ஒன்று பாக்கி. லைட் எரிய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, பின் பெடலில் தாமதமாக எரிகிறது. பிரேக் பிடித்த பிறகு எரிகிறது. கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். இதோ சுவிட்ச், இதோ பெடலுக்குப் போகும் ஸ்பிரிங். சுவிட்சின் உடம்பைத் திருகக் கூடாது, ஒயர் முறுக்கிக்கொள்ளும். உடம்பை விரலால் பிடித்துக்கொண்டு இந்தப் பிளாஸ்டிக் நட்டை மட்டும் திருப்புகிறேன். உடம்பு மேலே ஏறுகிறது, ஸ்பிரிங் சீக்கிரம் இழுக்கும். ரொம்ப ஏற்றினால் பெடலைத் தொடாமலே எரிந்துகொண்டிருக்கும், அதுவும் ஆபத்துதான். அரைச் சுற்று... இன்னும் கால் சுற்று. இப்போது பெடலைத் தொடுகிறேன், சுவரைப் பாருங்கள். தொட்டதும் எரிகிறது. விட்டதும் அணைகிறது.