பட்டினியில் ஊறும் எண்ணெய்

வணக்கம், நேயர்களே.

நம் ஊர்க் கண்மாய்களில் சாக்கடை வந்து சேருகிற மூலையைக் கவனித்திருப்பீர்கள். அங்கேதான் பாசி கெட்டியாகத் திரண்டு நிற்கும். கழிவுநீரோடு வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் காரணம். வயலில் நெல்லுக்கு நாம் இடுகிற அதே சத்துகள்.

"இவ்வளவு பாசி இருக்கிறதே, எரிபொருளுக்கு எண்ணெய் எடுத்தால் என்ன?" என்று கல்லூரியில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் வயிறு நிறைந்த நுண்பாசி எண்ணெயைப் பெரிதாகச் சேர்த்துவைப்பதில்லை, பெருகுவதிலேயே முனைந்திருக்கும்.

தழைச்சத்து தீர்ந்ததும் நிலைமை மாறுகிறது. அது இல்லாமல் புரதம் உருவாகாது, செல்கள் பிரிவதும் தடைபடும். வெயிலோ விழுந்துகொண்டே இருக்கிறது. ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் கார்பனை எங்காவது சேர்த்தாக வேண்டுமே! குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசியின் பல வகைகள் முதலில் மாவுச்சத்தாகச் சேர்த்து, பிறகு எண்ணெய்க்கு மாறுகின்றன. பச்சையத்துக்கும் தழைச்சத்து தேவை என்பதால், குடுவையில் கரும்பச்சையாக இருந்த நீர் சில நாட்களில் வெளிறி மஞ்சளாகிவிடும். அதில் ஒரு சொட்டு எடுத்து, எண்ணெயில் கலந்து ஒளிரும் நைல் ரெட் சாயம் சேர்த்து, ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள்: ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எண்ணெய்த் துளிகள் பொன்னிறமாக மின்னும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

மணிச்சத்து குறைந்தாலும் பல இனங்களில் எண்ணெய் கூடும். ஆனால் பாசி மணிச்சத்தை முன்கூட்டியே சேமித்துக்கொள்ளும் என்பதால் பட்டினியின் விளைவு தாமதமாகவே தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாக ஊட்டம் பெற்ற தொட்டியில் நாளுக்கு 20 கிராம் பாசி, அதில் 20 சதவீதம் எண்ணெய் என்று வையுங்கள்: 4 கிராம். பட்டினி போட்ட தொட்டியில் 40 சதவீதம் எண்ணெய். ஆனால் விளைந்த பாசி 8 கிராம்தான். எண்ணெய் 3.2 கிராம். சதவீதம் இரட்டித்தும் கிடைத்தது குறைவு! 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு நடத்திய பாசி எரிபொருள் ஆய்வுத் திட்டமும் இதே முட்டுக்கட்டையைத்தான் சந்தித்தது. சதவீதத்தை மட்டும் காட்டி முதலீடு கேட்பவர்களிடம், "ஒரு நாளைக்கு, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

அதனால்தான் முதலில் ஊட்டம் கொடுத்து வளர்த்து, பிறகு சத்தைக் குறைக்கும் இரண்டு கட்ட முறையை நான் ஆதரிக்கிறேன். எங்கள் மதுரைப் பக்கம் அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அந்த நீரில் முதல் கட்டத்தை நடத்தலாம். பாசி சத்தை உறிஞ்சிக்கொள்வதால் கண்மாய்க்குப் போகும் சுமை குறையும். எண்ணெய் குறைவாகக் கிடைத்தாலும், மதுரைக்கு அந்த ஒரு பலனே பெரிது.