கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் சவுண்ட் போச்சா? கமாண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

வணக்கம் மக்களே. இது என் தங்கச்சியோட லேப்டாப். உபுண்டுங்கற லினக்ஸ் ஓடுது. போன புதன்கிழமை ராத்திரி நான்தான் அப்டேட் போட்டேன். புது கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, இறங்குச்சு, ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் படுத்துட்டேன். காலைல பார்த்தா சத்தமே இல்ல. செட்டிங்ஸ்ல ஸ்பீக்கர் பேரே காணோம், 'டம்மி அவுட்புட்'னு ஒத்தை வரிதான் நிக்குது. பத்து மணிக்கு அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ.

அவசரத்துல, சவுண்ட் போனா எல்லாரும் சொல்ற ஒரு வரியைச் சேர்த்துட்டேன். மோட்புரோப் கான்ஃபிக்ல, அதாவது டிரைவர் செட்டிங்ஸ் ஃபைல்ல, 'டிஎஸ்பி டிரைவர் ஈக்வல் டு 1'. ரீஸ்டார்ட் பண்ணேன், பாட்டு பாடுச்சு. அப்பாடான்னு லேப்டாப்பை அவகிட்ட கொடுத்துட்டேன். பத்து மணிக்கு அவங்க பேசறது இவளுக்குக் கேக்குது, இவ பேசறது அங்க போகல. "சார், கேக்குதா சார்?"னு நாலு தடவை கேட்டா. கடைசில போன்ல கூப்பிட்டுத்தான் முடிச்சாங்க. எனக்கு மனசே ஆறல. அதுக்காகத்தான் இந்த வீடியோ.

மைக் ஏன் போச்சுன்னு சொல்றேன். இப்ப வர்ற நிறைய இன்டெல் லேப்டாப்புல, ஸ்கிரீனுக்கு மேல இருக்கிற மைக் பழைய மாதிரி சவுண்ட் சிப்புல சேர்ந்திருக்காது. டிஎஸ்பின்னு ஒரு தனி ப்ராசஸர் வழியாத்தான் வரும். அதை ஓட்டறது சாஃப், அதாவது சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர். ஃபர்ம்வேர்னா அந்த ப்ராசஸருக்குள்ள ஏத்தற சாஃப்ட்வேர். 2018-ல அறிவிச்ச ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட். அந்த 1 போட்டா கெர்னல் டிஎஸ்பியை விட்டுட்டுப் பழைய டிரைவருக்குப் போயிடும். ஸ்பீக்கர் வரும், மைக் வராது.

அதனால முதல்ல பழைய கெர்னல்ல பூட் பண்ணிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. ஆன் ஆகும்போது எஸ்கேப் கீயை ஒரே ஒரு தடவை தட்டுங்க. படபடன்னு தட்டினா பூட் மெனுவைத் தாண்டி கிரப் ப்ராம்ப்டுக்கு, அதாவது கமாண்ட் கேக்கற திரைக்குப் போயிடும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ள போய் முந்தின கெர்னல் நம்பரை எடுங்க.

அங்க சத்தம் வந்தா, பிரச்சனை புது கெர்னல் பக்கம். அடுத்த அப்டேட் வர்ற வரைக்கும் பழசுலயே இருங்க, தப்பே இல்ல. உபுண்டுல வைஃபையும் சேர்ந்து போயிருந்தா, புது கெர்னலோட 'மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா'ங்கற கூடுதல் டிரைவர் பேக்கேஜ் இறங்கியிருக்கான்னு பாருங்க. கெர்னல் இமேஜை மட்டும் கையால போட்டவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

எனக்கு என்ன ஆச்சுன்னா, அந்த 1 வரியை எடுத்துட்டுப் பழைய கெர்னலுக்குப் போனேன். அங்கயும் ஊமை! அப்பதான் புரிஞ்சுது, கெர்னல் மேல குத்தமே இல்ல. டெர்மினல்ல சூடோ போட்டு டிமெசேஜ், அதாவது கெர்னலோட லாக், எடுத்து, 'சாஃப்'னு தேடினேன். திரையில பெருசா காட்டறேன் பாருங்க. 'ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு, எரர் மைனஸ் 2'. மைனஸ் 2-ன்னா அந்தப் பேர்ல ஃபைலே இல்லைன்னு அர்த்தம். எங்க போச்சு? அப்டேட் முடிஞ்சதும் இடம் மிச்சமாகட்டும்னு, தேவையில்லாத பேக்கேஜை நீக்கற ஆட்டோரிமூவ் கமாண்டை அடிச்சேன். லிஸ்டைப் படிக்காம ஒய் தட்டினேன். அதோட போயிருக்கு. தயவுசெஞ்சு அந்த லிஸ்டைப் படிங்க மக்களே.

திரும்பப் போட வேண்டிய பேக்கேஜ், உபுண்டுலயும் டெபியன்லயும் 'ஃபர்ம்வேர் சாஃப் சைன்டு'. ஆர்ச் லினக்ஸ்ல 'சாஃப் ஃபர்ம்வேர்'. போட்டுட்டு ரீஸ்டார்ட்டுக்குப் பதிலா முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

சில பேருக்கு டெர்மினல்ல 'ஏபிளே ஹைஃபன் எல்' அடிச்சா லிஸ்ட்ல சவுண்ட் கார்டு வரும், ஆனா சத்தம் வராது. அது வேற கதை. டெர்மினல்ல ஆல்சாமிக்ஸர்ங்கற வால்யூம் கன்ட்ரோலைத் திறந்து, எஃப்6-ல கார்டை எடுங்க. அடியில எம்எம்னு இருந்தா மியூட். எம் கீ தட்டினா ஓஓன்னு மாறும். அவுட்புட் எச்டிஎம்ஐக்குத் தாவியிருக்கான்னும் பாத்துக்கோங்க.

கடைசியா ஸ்பீக்கர் டெஸ்ட் ஓட்டினேன். 'ஃப்ரன்ட் லெஃப்ட்'னு இடது பக்கம் ஒரு குரல், 'ஃப்ரன்ட் ரைட்'னு வலது பக்கம். மைக்குக்கு, ரெக்கார்டு பண்ற 'ஏரெக்கார்ட்' கமாண்ட்ல அஞ்சு செகண்ட் தங்கச்சியைப் பேசச் சொன்னேன். அதை இப்ப உங்களுக்கும் போடறேன், கேளுங்க.

"அண்ணா, இப்ப கேக்குதா?"

கேக்குதும்மா.